5க்கு 8 பாத்ரூமில் ஷவர் கண்ணாடித் தடுப்பு: கிருஷ்ணகிரி வேலைப் பதிவு

கிருஷ்ணகிரியில் ஒரு தனி வீட்டின் தரைத்தள பாத்ரூம். உள் அளவு 5 அடிக்கு 8 அடி. வாசல் ஒரு குறுக்குச் சுவரில், கமோட் வலது சுவரில், குளிக்கும் இடம் எதிர்க்கடைசியில். அந்தக் கடைசியில் 900 மி.மீ. ஆழத்தை மட்டும் அகலவாக்கில் கண்ணாடி வைத்துப் பிரித்த வேலை இது. இடப்பக்கம் வெளியே திறக்கும் கதவு, வலப்பக்கம் அசையாத ஃபிக்ஸ்டு கண்ணாடி. பழைய டைல்ஸை உடைத்துப் புதிதாகப் போடும்போதே கண்ணாடிக்கும் சேர்த்துத் திட்டம் போடப்பட்டது. அப்படிச் செய்வதுதான் சரி. தண்ணீர் வெளியே வராமல் இருப்பதில் பெரும்பங்கு தரை வாட்டத்துக்கும் ஷவர் பார்க்கும் திசைக்கும் உண்டு. ரப்பர் சீல் மிச்சமிருக்கும் சொட்டைத்தான் பிடிக்கும். டைல்ஸ் வேலை முடிந்த பிறகு கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டால், அவர் ஏற்கெனவே இருக்கும் கோணல்களை மறைக்க மட்டுமே முடியும்.

முதலில் ஷவர் எங்கே என்பது. பின்சுவரில் வைத்தால் அது நேராகக் கதவைப் பார்த்துப் பீய்ச்சும். கதவுக்கும் கண்ணாடிக்கும் இடையில் எப்படியும் 4, 5 மி.மீ. சந்து இருக்கும், அந்தச் சந்தில் தண்ணீர் நேராக அடித்தால் எந்த சீலும் நாளடைவில் தோற்கும். அதனால் ஷவரும் மிக்ஸரும் இடது சுவரில், கண்ணாடிக் கோட்டிலிருந்து 450 மி.மீ. உள்ளே. தண்ணீர் வலது சுவரையும் ஃபிக்ஸ்டு கண்ணாடியையும் பார்த்து விழும். கதவைத் திறந்ததும் இடதுகை எட்டும் தூரத்திலேயே மிக்ஸர் இருப்பதால், நனையாமல் நின்று வெந்நீர் வரும்வரை திறந்துவிடலாம். கதவின் கீலும் இடது சுவரிலேயே. திறந்தால் கதவு அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும். ஆகவே கதவு அகலத்துக்கு அந்தப் பக்கம் துண்டுக் கம்பியோ வாஷ்பேசினோ கூடாது. கமோட்டின் நடுக்கோடு கண்ணாடியிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கிறது. 380-க்குக் கீழே போனால் உட்காருபவரின் தோள் கண்ணாடியில் உரசும்.

நம் வீடுகளில் ஷவர் வைத்தாலும் பக்கெட்டும் மக்கும் போவதில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் ஷவருக்குக் கீழே நின்று சீயக்காய் அலச மாட்டார்கள். எனவே தடுப்புக்குள்ளேயே தாழ்வாக ஒரு குழாய், பக்கெட் வைக்க இடம், இரண்டும் வேண்டும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: மக்கில் மொண்டு ஊற்றும்போது தண்ணீர் தரையில் மோதி அடிமட்டத்தில் பக்கவாட்டாகத் தெறிக்கும். ஷவரைவிட மக்குக் குளியல்தான் கதவின் அடி சீலுக்குக் கடினமான சோதனை.

தரையும் பட்டியும்

உள் தரைக்கு 60-க்கு 1 வாட்டம், அதாவது 900 மி.மீ. ஆழத்துக்கு 15 மி.மீ. இறக்கம். பின்சுவரை ஒட்டித் தண்ணீர் வடியும் நீள ஜாலி வைத்ததால் வாட்டம் ஒரே திசையில் கொடுத்தால் போதும். பெரிய டைல்ஸும் வெட்டாமல் உட்காரும். மூலையில் சதுர ஜாலி என்றால் இரண்டு திசையிலும் வாட்டம் வர வேண்டும். அதற்கு 300-க்கு 300 அல்லது அதைவிடச் சின்ன டைல்ஸ்தான் ஒழுங்காக வளையும். கண் பார்வையில் வாட்டம் விடும் மேஸ்திரியிடம் கலவை காய்வதற்கு முன்பே ரசமட்டத்தை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். டைல்ஸ் பதிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு, வடிந்த பின் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டே டைல்ஸ் சந்துகளில் கிரவுட் போடலாம். ஜாலிக்குக் கீழே 50 மி.மீ. தண்ணீர் நிற்கும் டிராப் அவசியம். இல்லாவிட்டால் கண்ணாடி அடைத்த சின்ன இடத்தில் சாக்கடை வாடை தங்கிவிடும். ஈரம் படாத பக்கத்துக்கும் தனியாக ஒரு நானி டிராப் (தரை வடிகால்), அதை நோக்கித் தனி வாட்டம். கழுவிவிடும் தண்ணீர், கண்ணாடிக்கு அடியில் வரும் பட்டியில் முட்டித் தேங்கக் கூடாதல்லவா.

கண்ணாடி உட்காரும் பட்டிக்கு 75 மி.மீ. உயரம். முதியவர் இருக்கும் வீட்டில் 40 போதும். ஆனால் அப்போது வாட்டம் கச்சிதமாக இருக்க வேண்டும். உள்ளே கான்கிரீட், மேலே 18 மி.மீ. கிரானைட், 100 மி.மீ. அகலம். இந்த ஊரில் கிரானைட்டுக்கு அலைய வேண்டியதே இல்லை. மெருகேற்றிய துண்டுகள் கல் பட்டறைகளிலேயே கிடைக்கும். வாங்கும்போது ஒரே நீளத் துண்டாக வாங்க வேண்டும். இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் அந்தச் சேர்ப்பில்தான் முதல் கசிவு வரும். சுவர் டைல்ஸுக்கு முன்பே பட்டியை வைத்து, இரு முனைகளும் டைல்ஸுக்குப் பின்னால் 10 மி.மீ. நுழையும்படி விட்டால் மூலைச் சந்து அடைபடும். பட்டியின் மேல்முகம் நீளவாக்கில் துல்லிய மட்டம். அகலவாக்கில் உள்நோக்கி 2 மி.மீ. சாய்வு. இந்த 2 மி.மீ. இல்லாத பட்டிகளில் கதவுக்கு அடியில் நிற்கும் தண்ணீர் மெல்ல வெளிப்பக்கம் வழியும். வீட்டுக்காரர் சீல் போய்விட்டது என்று சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்.

வாட்டர் ப்ரூஃபிங் கான்கிரீட் பட்டியின் மேலேறி, மறுபக்கம் இறங்கி முடிய வேண்டும். மூலைகளில் கலவையால் வளைவு கொடுத்து, ஃபைபர் வலை வைத்து, பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கோட். இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காக. குளிக்கும் பகுதியின் சுவர்களில் 6 அடி வரை, மற்ற சுவர்களில் ஒரு அடி. டிராப்பை அடைத்து 50 மி.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகே டைல்ஸ். மாடி பாத்ரூமாக இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிவைக்கவே கூடாது.

சுவர்

இடது சுவர் 8 அங்குல சாலிட் பிளாக், வலது சுவர் 4 அங்குலத் தடுப்புச் சுவர். கீல் இடது சுவருக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 28 கிலோ கதவு இரண்டே கீலில் தொங்குகிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் மேல் கீல் சுவரை விட்டு வெளியே இழுக்கும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண நைலான் பிளக் அடித்தால் பிளாக்கின் மெல்லிய வெளிச்சுவரை மட்டும் பிடித்து நின்று, கொஞ்ச காலத்தில் ஆடத் தொடங்கும். அப்படிப்பட்ட சுவரானால் டைல்ஸுக்கு முன்பே கீல் வரும் இரண்டு இடத்திலும் பிளாக்கைத் திறந்து, உள்குழியை 1:3 சிமெண்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும். டைல்ஸ் போட்டாயிற்று என்றால் துளைக்குள் வலைக்குழாய் நுழைத்து, பிசினால் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் வழி.

டைல்ஸுக்குப் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கீல் வரும் இடத்தில் அது ஆகாது. பின்னால் வெற்றிடம் இருந்தால் ஸ்க்ரூ இறுகும்போதே டைல் கீறிவிடும். அந்த இரண்டு டைல்களுக்கும் பல் கரண்டியால் பசையை முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டி உலர்ந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் தெரியும்: கெட்டிச் சத்தம் வந்தால் சரி, டொக்கென்று வந்தால் எடுத்து மறுபடி ஒட்டலாம்.

கீலின் நடு, தரையிலிருந்து சுமார் 335 மி.மீ. உயரத்திலும் 1830 மி.மீ. உயரத்திலும் வருகிறது. கீசரிலிருந்து மிக்ஸருக்கு வரும் சிபிவிசி குழாய் கண்ணாடிக் கோட்டைக் கடக்கும் இடம் 1200 உயரத்தில். இதைப் பிளம்பரோடு முன்பே பேசி, குழாய் மூடும் முன் டேப்பை வைத்துப் போட்டோ எடுத்தாயிற்று. அந்தப் போட்டோ இல்லாமல் ட்ரில்லிங் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது.

அளவு

அளவு எடுப்பது கிரவுட் வரை எல்லாம் முடிந்த பிறகுதான். 5 அடி என்பது பேச்சுக்கு. பட்டியின் நடுக்கோட்டில் எடுத்த உண்மை அளவு இது: அடியில் 1496, நடுவில் 1499, மேலே 1503 மி.மீ. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இடது சுவர் நேர். வலது சுவர் மேலே போகப் போக 7 மி.மீ. வெளியே சாய்கிறது. கோணல் வலப்பக்கம் இருப்பது நல்லது. அங்கே வருவது யூ சேனல், கண்ணாடி விளிம்பு நுழையும் உலோகக் காடி. அது கோணலை விழுங்கிக்கொள்ளும். கீல் பக்கம் கோணல் இருந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் அல்லது தரையில் இடிக்கும்.

கணக்கு இப்படி. மிகக் குறைந்த அளவான 1496-ஐ எடுத்துக்கொள். கீல் பக்கச் சந்து 5. கதவு 700. கதவுக்கும் ஃபிக்ஸ்டு கண்ணாடிக்கும் சந்து 4. மீதி 787. அதில் சேனலின் முதுகுக்கு 2, தளர்வுக்கு 3 கழித்தால் ஃபிக்ஸ்டு கண்ணாடி 782. சேனல் சுவரோடு சாய்ந்தே போகும், கண்ணாடி நேராக நிற்கும். 20 மி.மீ. ஆழ சேனலில் கண்ணாடி அடியில் 15 மி.மீ. உள்ளே, மேலே 8 மி.மீ. உள்ளே. 8 போதும். சுவர் 12, 13 மி.மீ. சாய்ந்திருந்தால் இது நடக்காது. அப்போது கண்ணாடியையே சாய்வாக வெட்டச் சொல்ல வேண்டும்.

உயரத்திலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஃபிக்ஸ்டு கண்ணாடி 2000. அடியில் சேனல் 2, பிளாஸ்டிக் கட்டை 3. ஆக அதன் தலை பட்டியிலிருந்து 2005-இல். கதவுக்கு அடியில் சீலுக்காக 10 விட வேண்டும். இரண்டின் தலையும் ஒரே கோட்டில் வர, கதவு உயரம் 1995. இரண்டையும் 2000 என்று எழுதிக் கொடுத்தால் மாட்டிய பிறகு மேலே 5 மி.மீ. படி நிற்கும், வாழ்நாள் முழுக்கக் கண்ணை உறுத்தும்.

தடிமன் 8 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ. 8 மி.மீ.யில் கதவு 28 கிலோ, ஃபிக்ஸ்டு 31 கிலோ, 10 மி.மீ. எடுத்தால் 35-உம் 39-உம் ஆகும். இந்த அகலத்துக்கு 8 தாராளம். 10 வேண்டும் என்று வற்புறுத்துபவர்கள் அதற்கேற்ற சுவரும் கீலும் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் கீலை வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு கம்பெனி கீலுக்கும் கண்ணாடியில் வெட்டும் வடிவம் வேறு. டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றில் ஆற்றுவதால் மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை தங்கியிருக்கிறது. ஓரிடத்தில் உடைந்தால் மொத்தமும் பொடிக்கற்களாக உதிரும். ஆகவே கீல் வெட்டு, கைப்பிடித் துளை, எல்லாமே வரைபடத்தில் இருக்க வேண்டும், உள்முகம் எது வெளிமுகம் எது என்பது உட்பட. ஐஎஸ் 2553 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம்) முத்திரை மூலையில் பதிந்திருக்கிறதா, நாலு விளிம்பும் பாலிஷ் ஆகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அரிதாகக் கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்து, ஒருவரும் தொடாமலே பல மாதம் கழித்து வெடிப்பதுண்டு. மறுபடி சூடாக்கிப் பார்க்கும் ஹீட் சோக் சோதனை செய்து வாங்கினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். விலை சதுர அடிக் கணக்கு. பல கடைகளில் அகலத்தையும் உயரத்தையும் 3 அங்குல மடங்குக்கு ஏற்றிப் பில் போடுவார்கள். அளவை முடிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொண்டால் கதவு அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம்.

ஓசூரிலிருந்து வந்தாலும் தொப்பூர் கணவாய் ஏறிச் சேலத்திலிருந்து வந்தாலும் கண்ணாடி செங்குத்தாகத்தான் பயணிக்க வேண்டும். வீட்டில் இறக்கியதும் தெர்மோகோல் அல்லது மரக்கட்டை மேல்; வெறும் டைல்ஸ் தரையில் அதன் மூலை பட்டால் அங்கேயே முடிந்தது. டஃபன் கண்ணாடியின் நடுவில் கையால் ஓங்கிக் குத்தினாலும் தாங்கும், விளிம்பில் விழும் சின்ன அடியைத் தாங்காது.

கீலும் சேனலும் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம்) அல்லது பித்தளை. 202 ரகத்தை 304 என்று விற்பதுண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பது பயனற்றது, இரண்டுமே ஒட்டாது. ஸ்டீல் சோதிக்கும் துளி மருந்து ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும்.

மாட்டுதல்

கண்ணாடிக் கோட்டைப் பட்டியின் நடுவில் பென்சிலால் போட்டு, லேசர் மட்டத்தால் இரு சுவரிலும் ஏற்ற வேண்டும். வலது சுவர் சேனலுக்கு மேல், நடு, கீழ் என மூன்று ஸ்க்ரூ. பட்டியின் மேல் வரும் சேனலுக்கு ஸ்க்ரூவே வேண்டாம். அது வாட்டர் ப்ரூஃபிங்கைத் துளைத்துவிடும். சிலிக்கான் பரப்பி அதன்மேல் அழுத்தி ஒட்டினால் போதும், கண்ணாடியின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸில் துளையிடும்போது வைர பிட், ஹேமர் அணைத்த நிலையில், தண்ணீர் விட்டுக்கொண்டு. டைல் தாண்டியதும் மேசன்ரி பிட்டுக்கு மாறி ஹேமரைப் போடலாம். துளைத் தூசியை ஊதி எடுத்து, பிளக் நுழைக்கும் முன் ஒரு சொட்டு சிலிக்கான்.

ஃபிக்ஸ்டு கண்ணாடி முதலில். இரண்டு பிளாஸ்டிக் கட்டை சேனலின் அடியில், ஓரங்களிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி. இரண்டு பேர் உறிஞ்சு கைப்பிடி போட்டுத் தூக்கி, முதலில் சுவர்ச் சேனலுக்குள் சாய்த்து நுழைத்துப் பிறகு இறக்க வேண்டும். உடனே மேலே ஸ்டெபிலைசர் கம்பி. 782 அகலக் கண்ணாடியின் சுதந்திரமான விளிம்பு கம்பியில்லாமல் அதிரும். அதன் தலையிலிருந்து வலது சுவருக்கு 45 டிகிரியில் ஒரு கம்பி போட்டால் அதிர்வு நின்றுவிடும். உயரம் 2 மீட்டருக்கு மேல் என்பதால் தலையில் இடிக்காது.

கீலைச் சுவரில் மாட்டிய பிறகு கதவைத் தூக்கும்போது கீழே 10 மி.மீ. பிளைவுட் துண்டுகள் வைத்தால் கையில் பாரம் தாங்க வேண்டியதில்லை. கீலின் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெத்தை போன்ற கேஸ்கட் இரு பக்கமும் இருந்தே ஆக வேண்டும். நான்கு ஆலன் ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது முறை. ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கண்ணாடி ஒரு மூலையில் மட்டும் நசுங்கும். சந்தை மேலும் கீழும் அளந்து சமமாக்கிய பின்பே கடைசி இறுக்கு.

சிலிக்கான் நியூட்ரல் ரகம், பூஞ்சை எதிர்ப்போடு. வினிகர் வாடை வரும் அசெட்டிக் ரகம் கிரானைட்டில் கறை விடும், உலோகத்தையும் அரிக்கும். 280 மி.லி. டியூப் இரண்டு போதும். வெளிப்பக்கம் முழு நீளத்துக்கும் கோடு. உள்பக்கம் சுவரோரம் மட்டும். அடிச் சேனலின் உள்பக்கத்தில் அங்கங்கே சின்ன இடைவெளி விட வேண்டும், உள்ளே நுழைந்த தண்ணீர் திரும்ப வடிய. இரு பக்கமும் அடைத்தால் சேனலுக்குள் தண்ணீர் தேங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அதை வெளியே எடுக்க வழியிருக்காது. 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. பிறகு கதவின் அடி சீலும் இரு கண்ணாடிக்கும் நடுவிலான சீலும். அடி சீலின் துளிவிழும் விளிம்பு உள்நோக்கி. பலர் இதைத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள்.

சோதனைக்கு ஷவர் பத்து நிமிடம், அதன்பின் கதவை மூடிக்கொண்டு மக்கால் ஓங்கி ஊற்றிப் பார்ப்பது.

தண்ணீரும் கண்ணாடியும்

இந்தப் பக்கம் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும் குளிக்கப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். ஃப்ளோரைடு இங்கே பேசப்படும் பெரிய பிரச்சினை. கண்ணாடிக்கு எதிரி அதுவல்ல, கால்சியமும் மக்னீசியமும். தண்ணீர்த் துளி உலர்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. நாள்படப் படிந்து இறுகினால் தேய்த்தாலும் போகாது. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிடுவதற்கு ஈடான மருந்தோ பூச்சோ கிடையாது. தண்ணீர் ஒட்டாத கோட்டிங் இந்த வேலையை எளிதாக்கும், அவ்வளவுதான். அதுவும் தேய்ந்து போகும். கால்சியம், மக்னீசியத்தை நீக்கும் சாஃப்ட்னரை வீட்டுக்கே வைத்தவர்களுக்கு மட்டும் தினசரி இழுப்பில் சலுகை உண்டு. வரி போட்ட கண்ணாடி பார்க்க அழகு. அந்த வரிகளில் உப்பு ஏறினால் வைப்பர் எட்டாது, இந்தத் தண்ணீருக்கு அது வேண்டாம். பனிக் கண்ணாடி எடுத்தால் சொரசொரப்பான முகம் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

படிந்த புள்ளிக்குச் சிட்ரிக் அமிலத்தூள் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம். துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் பத்து நிமிடம் போட்டு வைத்து, துடைத்து, நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட் பாட்டில் இந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. அதன் ஆவியே போதும், எஸ்எஸ் கீலில் துருப்புள்ளி விழும், குரோம் உரியும், கிரவுட் கரையும். 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்த பிறகும் சிறிது நேரம் ஓடினால் பூஞ்சைக்கும் வேலை குறையும்.

மாட்டி ஒரு மாதம் கழித்து கீல் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கேஸ்கட் அமுங்கி உட்கார்ந்திருக்கும். பக்கெட்டைக் கண்ணாடியின் அடி மூலையில் இடிக்காமல் தூக்கச் சொல்லி வைப்பதும் நல்லது. பிளாஸ்டிக் சீல் மஞ்சளித்து விறைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். அது கழற்றி மாட்டும் பொருள்தான். புது சீல் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய சீலில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி எடுத்துப் போனால் போதும். 8 மி.மீ. கண்ணாடி சீலும் 10 மி.மீ. கண்ணாடி சீலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்று மற்றொன்றில் நிற்காது.